பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் கதிரியக்க அயடீனும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஹட்டன் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் 38 வயதுப் பெண் ஒருவருக்கு, தைரொயிட் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சைக்குப் பின்னர் கதிரியக்க அயடீனான அயடீன்-131, 3.7 கிகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுக்கப்பட்டது. சிகிச்சை வழமையானது, பல நாடுகளில் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டு வருவது. அவர் திரும்பிச் செல்லவேண்டியிருந்த வீடுதான் வழமையான கணக்குக்குள் அடங்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா (அறை), அதனோடு ஒட்டிய குசினி, முன்னால் பாதி அடைத்த இஸ்தோப்பு (திண்ணை). அதற்குள் மாமியார், கொழும்புக் கடையொன்றில் வேலைசெய்து விடுமுறைக்கு வரும் கணவர், 11, 7, 3 வயதுகளில் மூன்று பிள்ளைகள், அவர் என ஆறு பேர். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் கொழுந்தனாரின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்று குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம். வைத்தியசாலையில் கொடுக்கப்பட்ட அறிவுறுத்தல் தாளோ, தனி அறையில் தூங்கவும், தனி மலசலகூடத்தைப் பாவிக்கவும், சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்கவும் சொல்லியது.

அந்தத் தாளில் எழுதியிருந்த எதுவும் பிழையல்ல. ஆனால் அதை எழுதியவர் மனதில் இருந்த வீட்டுக்குப் பல அறைகளும் ஒவ்வொன்றுக்கும் கதவும் இருந்தன. மலையகத்திலிருந்து இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு வீடு இல்லை என்பதனால், இந்த ஒரு குடும்பத்துக்கு நாங்கள் செய்த கணக்குகளையும் ஏற்பாடுகளையும் அளவீடுகளையும் முழுமையாக எழுதி வைப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். நான் மருத்துவப் பௌதிகவியல் துறையில் பணியாற்றுபவன், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவன். நோயாளியின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

ஏன் அயடீன்

தைரொயிட் சுரப்பி தன் ஓமோன்களை ஆக்குவதற்கு அயடீனைக் குருதியிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. உணவில் வரும் சாதாரண அயடீனையும் அணுவுலையில் ஆக்கப்படும் அயடீன்-131 ஐயும் அதற்கு வேறுபடுத்தத் தெரியாது. சிகிச்சை முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. சத்திரசிகிச்சையில் சுரப்பியை முற்றாக அகற்றினாலும் கழுத்தில் சிறு எச்சம் தங்குவதுண்டு. நிணநீர்க் கணுக்களிலும் புற்றுக்கலங்கள் ஒளிந்திருக்கலாம். குளிசையாக விழுங்கும் அயடீன்-131 அந்தக் கலங்களைத் தேடிச் சென்று சேருகிறது. அங்கே அது வெளிவிடும் பீற்றாத் துணிக்கைகள் இழையத்தில் அதிகபட்சம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தூரமே செல்லக்கூடியவை. ஆகையால் அழிவு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. தைரொயிட் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்திய அறிக்கை 1946இல் சாமுவேல் சைட்லினின் குழுவிடமிருந்து வந்தது. அயடீன்-131 ஐ கிளென் சீபோர்க்கும் ஜோன் லிவிங்குட்டும் கண்டறிந்தது 1938இல். எட்டே ஆண்டுகளில் ஆய்வுகூடப் பொருள் மருந்தாகிவிட்டது.

பீற்றாவோடு காமாக் கதிரும் வெளிவருகிறது. அதில் முக்கியமானது 364 கிலோஇலத்திரன்வோல்ற் சக்தியுள்ளது. அது உடலைத் துளைத்து வெளியே வருவதனால்தான் காமாப் படக்கருவி மூலம் அயடீன் எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்க முடிகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் மேல் படுவதும் அதே கதிர்தான்.

அயடீன்-131 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 8 நாள். இலங்கையில் அணுவுலை இல்லாததனால் இது வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது; வந்த பின்பும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 8 வீதத்தை இழக்கிறது. எனவே குறித்த நாளில் நோயாளி வந்தே ஆகவேண்டும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கமோ கடுகண்ணாவைப் பக்கமோ மண்சரிந்து வீதி அடைபட்டால் மருந்து வீணாகும். அதைவிடப் பெரிய இழப்பு நோயாளியுடையது. சுரப்பியின் எச்சம் அயடீனுக்குப் பசித்திருக்க வேண்டும் என்பதற்காக அவர் அகற்றிய சுரப்பியின் ஓமோனுக்குப் பதிலாக எடுக்கும் தைரொக்சின் குளிசையை நான்கு வாரமாக நிறுத்தியிருப்பார். அந்த வாரங்களில் உடல் தளர்ந்து, முகம் ஊதி, குளிர் எலும்பில் ஏறும். விடியற்காலை மழையில் கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் ஒருவருக்கு அது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் பேர் போட முடியாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. இந்த நோயாளியை நாங்கள் முதல் நாளே வரச்செய்து தங்கவைத்தோம்.

உணவுக் கட்டுப்பாடும் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. சிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரம் அயடீன் மிகக் குறைந்த உணவு வேண்டும். அதாவது கருவாடு, நெத்தலி, முட்டை, பால் ஆகாது. அயடீன் சேர்த்த உப்பும் ஆகாது. 1995 முதல் இந்த நாட்டில் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால் கடையில் கையில் எடுக்கும் பக்கெற் எல்லாம் அயடீன் உப்புத்தான். வீட்டில் உப்பில்லாமல் ரொட்டி தட்டி, தேங்காயும் மிளகாயும் மட்டும் அரைத்துச் சமாளித்தார்கள்.

நோயாளி கேட்ட கேள்வி

சிகிச்சைக்கு முந்திய சந்திப்பில் தாளை வாசித்துக் காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சின்னவன் மடியில ஏறாம எப்படி சேர் தடுக்கிறது?" அதற்குத் தாளில் பதில் இல்லை. அவருடைய வீட்டைப் பற்றி விசாரித்தபோதுதான் மேலே சொன்ன விவரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மருந்து கொடுத்த பின்பு இவற்றை அறிந்திருந்தால் செய்வதற்கு அதிகம் இருந்திருக்காது. முன்பே தெரிந்ததனால் திட்டமிட முடிந்தது.

முதலில் எல்லைகளைச் சொல்ல வேண்டும். சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட கதிர்ப்பாதுகாப்பு நெறிகளின்படி பொதுமக்களில் ஒருவர் இத்தகைய செயற்பாடுகளால் ஓராண்டில் பெறக்கூடியது 1 மில்லிசீவேர்ட். (சீவேர்ட் என்பது உடல் பெறும் கதிரின் அளவுக்கான அலகு; 1 மில்லிசீவேர்ட் 1,000 மைக்கிரோசீவேர்ட்.) நோயாளியை விரும்பிப் பராமரிக்கும் வளர்ந்தவருக்கு ஒரு சிகிச்சைக் காலத்துக்கு 5 மில்லிசீவேர்ட் வரை ஏற்கலாம். சிறுவருக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டக்கூடாது. கருவிலுள்ள குழந்தைக்கும் அதே 1. நோயாளியின் உடலில் 1.1 கிகாபெக்கரலுக்குக் குறைவாக எஞ்சிய பின்னரே வீட்டுக்கு அனுப்புவது என்பது பல நாடுகள் பின்பற்றிவந்த அளவு. இலங்கையில் இவற்றை மேற்பார்வை செய்வது 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குறுத்தும் பேரவை. இந்த எல்லைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் உலகச் சராசரி மனிதர் ஒருவர் இயற்கையாகப் பெறுவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட்.

குளிசை விழுங்கிய உடனே நோயாளியிடமிருந்து 1 மீற்றர் தூரத்தில் கதிர் அளவி காட்டியது மணிக்கு 160 மைக்கிரோசீவேர்ட். சுரப்பி இல்லாத உடலில் அயடீனின் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்தோம். மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில் 17. அதாவது உடலில் எஞ்சியது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, 0.4 கிகாபெக்கரல் அளவு. பொது விதிப்படி அவர் அன்றே வீடு செல்லலாம்.

வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை தாயின் அணைப்பில், அரை மீற்றர் தூரத்தில் தூங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டோம். தூரம் பாதியானால் கதிரின் அளவு நான்கு மடங்காகும். மணிக்கு 68 மைக்கிரோசீவேர்ட் வீதம் எட்டு மணித்தியாலம் என்றால் முதல் இரவில் மட்டும் 0.5 மில்லிசீவேர்ட்டைத் தாண்டுகிறது. நாளுக்குப் பாதியாகக் குறைகிறது என்று எடுத்தாலும் அடுத்தடுத்த இரவுகளையும் சேர்க்க 1.1 வரும். கழுத்தின் எச்சத்தில் பற்றியிருக்கும் அயடீன் அவ்வளவு வேகமாகக் குறையாது. அதையும் கூட்ட வேண்டும். உடலைப் புள்ளியாகக் கருதும் இந்தக் கணக்கு மிகக் கிட்டிய தூரத்தில் சற்று அதிகமாகவே காட்டும் என்பது உண்மை. ஆனாலும், ஒரு குழந்தைக்கு வைத்த எல்லை பகல் நேரக் கொஞ்சலைச் சேர்க்காமலே தாண்டப்படுகிறது என்பது தெளிவு. அதே பிள்ளை 2 மீற்றர் தள்ளிப் படுத்தால் அதே இரவுகளுக்கு 0.07 மில்லிசீவேர்ட். பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும்போது அந்த 2 மீற்றரை எங்கே தேடுவது?

வீட்டை அளந்தது

மருந்து கொடுப்பதற்கு முந்திய வாரம் அளவியோடு அந்த லயத்துக்குச் சென்றேன். கதிரியக்கத்தைக் கண்ணாலோ மூக்காலோ தோலாலோ அறிய மனிதருக்கு வழியில்லை. கருவி சொன்னால்தான் உண்டு. எடுத்துச் சென்றது கைகர்-முல்லர் வகை அளவி. மெல்லிய வாயுக் குழாய்க்குள் ஒரு துணிக்கையோ கதிரோ புகுந்து வாயுவை அயனாக்கும்போது ஒரு மின்துடிப்பு உண்டாகும். அதை அது ஒலியாகவும் எண்ணாகவும் தரும். 1928இல் கைகரும் முல்லரும் ஆக்கிய அமைப்பின் வழிவந்ததே இது. சிகிச்சைக்கு முன்பே வீட்டில் அது டிக் டிக் என்று அடித்ததைக் கேட்டு மாமியார் பின்வாங்கினார். காம்பராவுக்குள் மணிக்கு 0.17 மைக்கிரோசீவேர்ட். யாரும் எதையும் கொண்டுவராத போதே கருங்கல் சுவரும் மண் நிலமும் வானமும் தருகிற அளவு அது. நம் மலைகளின் பாறையில் தோரியம் இருப்பது புதிய செய்தியல்ல. பலாங்கொடைப் பக்கத்துக் கனிமம் ஒன்றை 1904இல் ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்து எழுதினார். தோரியனைட் என்று பெயர் பெற்ற அந்தக் கனிமம் வாயு விளக்குகளின் மென்ரில் (சுடரில் ஒளிரும் வலை) செய்வதற்காக ஏற்றுமதியானது. விஞ்ஞானி ஒட்டோ ஹான் தோரியத்தின் ஒரு வகையான ரேடியோதோரியத்தைக் கண்டறிந்ததும் இலங்கையிலிருந்து சென்ற அந்தக் கனிமத்திலிருந்துதான். கலியாண வீட்டுப் பெற்றோமக்ஸ் விளக்கின் பழைய மென்ரிலுக்கு அருகே அளவியைப் பிடித்தால் அது வேகமாக அடிக்கும் என்று சொன்னபோது கூடியிருந்தவர்கள் நம்பவில்லை. ஒரு வீட்டில் பழைய பெட்டியில் கிடந்ததைக் கொண்டுவந்தார்கள்; அடித்தது. அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு அளவியைப் பார்த்த பார்வை மாறியது என்றே சொல்ல வேண்டும்.

லயத்தின் வெளிச்சுவர் ஒன்றரை அடிக் கருங்கல். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலான சுவரோ செங்கல்லில் அரையடியும் இல்லை. அதுவும் கூரைத் தகரம் வரை எழும்பவில்லை. இந்தக் காமாக் கதிரைப் பாதியாக்க ஈயமானால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், கொங்கிறீற்றானால் 5 சென்ரிமீற்றர் வேண்டும். செங்கல்லுக்கு அதைவிடத் தடிப்பு தேவை. பக்கத்துக் காம்பராவின் கர்ப்பிணிப் பெண் தலைவைத்துப் படுப்பது அந்தச் சுவரோரம். இந்தப் பக்கம் நோயாளியின் கட்டிலும் அதே சுவரோரம். சுவர் இருக்கிறதே என்று இரு குடும்பமும் எண்ணியிருந்தன. உண்மையில் இரு தலைகளுக்கும் இடையே ஒரு முழம் கூட இல்லை.

அடுத்தது மலசலகூடம். வைத்தியசாலையில் இந்த நோயாளிகளின் கழிவு தனித் தாங்கியில் தேக்கப்பட்டு, சிதைந்து குறைந்த பின்பே வெளியேற்றப்படுகிறது. லயத்தில் இருப்பது குழி. குழிக்குள் விழும் அயடீன் பத்து அரைவாழ்வுக் காலம், அதாவது 80 நாள், அங்கேயே இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எனவே குழி தன்னளவில் கெட்ட இடமல்ல. பார்க்க வேண்டியது தண்ணீர். குடிதண்ணீர்ப் பீலி குழிக்கு மேலே, மலையின் உயரப் பக்கத்தில் இருந்தது. அதனால் மனம் ஆறியது. குழி மேலேயும் பீலி கீழேயும் உள்ள லயங்கள் இல்லாமல் இல்லை. அப்படி ஒரு லயமாக இருந்திருந்தால் நோயாளியை இன்னும் அதிக நாள் வைத்தியசாலையில் வைத்திருக்கவே நான் வாதாடியிருப்பேன்.

ஏற்பாடுகள்

மூன்று முடிவுகள் எடுத்தோம். அவை எல்லாம் குடும்பத்தோடு இருந்து பேசி எடுத்தவை. மாமியாரின் யோசனைகளே பலவற்றில் நின்றன.

முதலாவது, விதிப்படி வெளியேறக்கூடிய நாளில் அனுப்பாமல் இன்னுமோர் இரவு வார்டில் வைத்திருந்தோம். மறுநாள் காலையில் 1 மீற்றரில் 17 என்றிருந்தது 8 ஆனது. வீட்டார் பெறக்கூடிய அளவையும் குழிக்குள் போகும் அளவையும் அந்த ஓர் இரவு பாதியாக்கியது. தனி வார்டுக் கட்டில்கள் மிகக் குறைவு, காத்திருப்போர் பலர் என்பதனால் இது எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் கட்டிலை யாருக்கு நீட்டிப்பது என்று தீர்மானிக்கும்போது, வீட்டில் தனி அறை உள்ளவரையும் ஒரே காம்பராவில் ஆறு பேரில் ஒருவராக வாழ்பவரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை.

இரண்டாவது, பயணம். ஹட்டன் பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் மூன்று மணித்தியாலம் நெருங்கி அமர்ந்து வந்தால் பக்கத்தில் இருப்பவர் கால் மில்லிசீவேர்ட் அளவு பெறலாம். அவர் யாரென்று தெரியாது; கர்ப்பிணியாகவும் இருக்கலாம்; அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. தோட்டத்து இளைஞர் ஒருவரின் வானில், சாரதிக்கு மிகத் தள்ளிக் கடைசி இருக்கையில் அவரை அமர்த்தி அனுப்பினோம். சாரதி பெற்றிருக்கக்கூடியது சில மைக்கிரோசீவேர்ட் மட்டுமே.

மூன்றாவது, படுக்கை. நோயாளிக்குத் தனி அறை தேடுவதைக் கைவிட்டோம். பிள்ளைகள் மூவரும் பக்கத்து டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருக்கும் அம்மாயி (தாயின் தாய்) வீட்டுக்குப் பத்து நாள் போவது என்று முடிவானது. பாடசாலைக்கு அங்கிருந்தும் நடந்து போகலாம். நோயாளியின் கட்டில் பொதுச் சுவரை விட்டு எதிர்ச் சுவருக்கு மாறியது. பக்கத்துக் காம்பராவிலும் கட்டிலைத் தூரச் சுவருக்கு இழுத்தார்கள். மாமியார் குசினியில், கணவர் இஸ்தோப்பில். மலசலகூடத்தில் அமர்ந்தே சிறுநீர் கழிப்பது, ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது. நோயாளியின் தட்டு, கோப்பை, துவாய் தனி. உடுப்பைத் தனியே துவைப்பது. மற்ற இரண்டு குடும்பங்களும் இதற்கு இணங்கின, காரணத்தை முழுதாக விளக்கிய பிறகு.

விளக்கும்போது இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நோயாளியின் உடலிலிருந்து வரும் காமாக் கதிர் விளக்கின் வெளிச்சம் போல. எட்டிப் போனால் குறையும், அவர் நகர்ந்தால் அதுவும் போய்விடும், பட்டவரிடம் தங்காது. சிறுநீரிலும் உமிழ்நீரிலும் வியர்வையிலும் உள்ள அயடீனோ விளக்கின் எண்ணெய் போல. தொட்டால் ஒட்டும், ஒட்டியதைக் கழுவினால் போகும், கழுவாமல் வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். முதலாவதற்கு மருந்து தூரமும் நேரமும். இரண்டாவதற்குத் தண்ணீரும் சவர்க்காரமும். ஒன்றுக்குரிய அச்சத்தை மற்றதன் மேல் போடும்போதுதான், நோயாளியைக் கண்டாலே ஒதுங்குவதும், அதே நேரம் அவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் எடுப்பதும் ஒரே வீட்டில் நடக்கிறது.

சின்னவனின் பிரச்சினைக்கு எண்களே வழிகாட்டின. பத்து நாளும் தாயைப் பார்க்கவே கூடாது என்று அவனை வைத்திருக்கத் தேவையில்லை. வாசலில் 3 மீற்றர் தள்ளி அரை மணித்தியாலம் இருந்தால் முதல் நாளிலேயே அரை மைக்கிரோசீவேர்ட் அளவுதான். அந்த வீட்டின் இயற்கைப் பின்னணி சில மணித்தியாலங்களில் அதைக் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாலையும் அம்மாயி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு அப்பால் நின்றார். தாய் இஸ்தோப்பில் இருந்து பேசினார். இறக்கிவிட்டால் ஓடிவிடுவான் என்பதால் இடுப்பிலேயே வைத்திருக்கச் சொன்னோம். தேவைக்கு மேல் விலக்கிவைப்பதும் ஒரு தீங்குதான். அதை அளவில்லாமல் விதிப்பவர்கள், விதியைக் கடைப்பிடிக்க முடியாத தாய் இரவோடு இரவாகப் பிள்ளையை அணைத்துக்கொள்வதற்கும் காரணமாகிறார்கள்.

செர்னோபில் பற்றிய கேள்வி

லயத்தில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: செர்னோபில் அணுவுலை விபத்தில் பிள்ளைகளுக்குப் புற்றுநோயைக் கொடுத்ததும் இதே அயடீன்தானே, அது எப்படி மருந்தாகும்? அதைவிட நல்ல கேள்வியை அந்த நாட்களில் நான் கேட்கவில்லை.

இதே அயடீன்தான். 1986 ஏப்ரிலில் வெளியான அயடீன்-131 புல்லில் படிந்து, பசுவுக்குள் போய், பாலில் வந்து, அந்தப் பாலைக் குடித்த சிறுவர்களின் தைரொயிட்டில் சேர்ந்தது. பாலை உடனே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அங்கே சிறுவர்களாக இருந்தவர்களிடையே 2005 வரை 6,000க்கும் மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் பதிவாகின. அவற்றில் பெரிய பங்கு அந்த அயடீனால் வந்ததென்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு முடிவு செய்திருக்கிறது. நலமான, வளரும் சுரப்பி அது. அதற்குக் கிடைத்த அளவு கலங்களைக் கொல்லப் போதாமல், அவற்றின் மரபுப் பொருளைச் சேதமாக்கிப் பிழைக்கவிடும் அளவு. இந்த நோயாளிக்குக் கொடுத்ததோ, எஞ்சிய சுரப்பிக் கலங்களை முற்றாகக் கொல்லும் அளவு. நலமான சுரப்பி அவருக்கு இல்லை. அப்படிக் கொல்லும் அளவுக்கும் ஒரு விலை உண்டு: உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்படலாம், மிக அதிக அளவுகள் திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டால் பிற புற்றுநோய்களின் வாய்ப்பு சிறிது கூடும். புற்று மீண்டும் வராமல் காக்கும் நன்மையோடு அதை எடைபோட்டுத்தான் வைத்தியர் முடிவெடுக்கிறார். ஆனால் பக்கத்தில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு நன்மை எதுவும் இல்லை. அவனுடைய தைரொயிட் செர்னோபில் பிள்ளைகளுடையதைப் போல் நலமானது, வளர்வது. தாயின் உமிழ்நீர் பட்ட சோற்றுருண்டை அவன் வாய்க்குப் போகக்கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் இதுதான். கையால் பிசைந்து ஊட்டுகிற வீட்டில் இந்த ஒரு விடயத்தைத் தூரத்தைவிட முதன்மையாகச் சொல்ல வேண்டும்.

அளவீடுகள் சொன்னவை

நோயாளி வீடு சேர்ந்த மாலையில் பக்கத்துக் காம்பராவின் புதிய படுக்கை இடத்தில் அளவி மணிக்கு 0.3 மைக்கிரோசீவேர்ட் காட்டியது, பின்னணி 0.17 என்பதைக் கழித்தால் மிகச் சிறியது. பழைய படுக்கை இடத்தில் இருவரும் கிடந்திருந்தால் பல பத்து மடங்கு வந்திருக்கும். மாமியாருக்கும் கணவருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கும், கதிர்த்துறைப் பணியாளர்கள் அணிவது போன்ற கதிர் அளவுப் பட்டையைக் கொடுத்திருந்தோம். பட்டைக்குள் இருக்கும் பளிங்கு, படும் கதிரின் சக்தியைத் தேக்கி வைத்து, பின்னர் சூடாக்கும்போது ஒளியாக விடும். அந்த ஒளியை அளந்து மொத்த அளவைச் சொல்லலாம். மாமியாருடையது 0.2 மில்லிசீவேர்ட், கணவருடையது 0.1, கர்ப்பிணிப் பெண்ணுடையது பட்டையால் பிரித்தறியக்கூடிய அளவுக்குக் கீழ்.

எட்டாம் நாள் படமெடுக்க வந்தபோது நோயாளியிடமிருந்து 1 மீற்றரில் மணிக்கு 0.8 மைக்கிரோசீவேர்ட். காமாப் படத்தில் கழுத்தின் நடுவே ஒரு சிறு புள்ளி. நுரையீரலிலோ எலும்பிலோ எதுவும் இல்லை. சிகிச்சைக்குப் பின் இரண்டு நாளில் தொடங்கிய தைரொக்சின் மெல்ல வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

பத்து நாள் முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். லயத்தின் அச்சம் அவ்வளவு விரைவில் போகவில்லை. அவர் கொடுத்த தேத்தண்ணியை இருவர் வாங்கவில்லை. வேலைக்குத் திரும்பும் நேரம் வந்தபோது, அவர் கை பட்ட கொழுந்தில் இது ஒட்டி ஆலைக்குப் போய்விடாதா என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கேட்டார். தேயிலையால் வாழும் இடத்தில் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக்கூடாது. மாசு அளவியால் அவருடைய உள்ளங்கை, விரலிடுக்கு, கூடை, தலைக்கயிறு, கோப்பை எல்லாவற்றையும் அவர்கள் முன்னிலையில் அளந்தோம். எதுவும் பின்னணியைத் தாண்டவில்லை. எஞ்சியிருந்த சிறிதளவு அயடீன் கழுத்துக்குள் கலங்களில் கட்டுண்டிருந்தது, கையில் இல்லை. வைத்தியரின் கடிதத்தோடு இந்த அளவீட்டையும் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தைவிட அன்று அளவி அவருடைய கைக்கும் கணக்கப்பிள்ளையின் கைக்கும் ஒரே சீராக அடித்ததுதான் எடுபட்டது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு மாற்றியவை

முன்சந்திப்பில் இப்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்விகள்: காம்பரா எத்தனை, படுப்பது எத்தனை பேர், சுவருக்கு அந்தப் பக்கம் யார், மலசலகூடம் யாரோடு பொது, பீலி குழிக்கு மேலா கீழா, வீடு போவது எதில். பாலூட்டும் தாயாக இருந்தால் சிகிச்சைக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே பாலை நிறுத்த வேண்டும், அந்தப் பிள்ளைக்கு மீண்டும் ஊட்டக்கூடாது. கருத்தரிப்பதை ஆறு மாதமாவது தள்ளிப்போட வேண்டும். இவற்றைத் தோட்டத்தின் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அறிவிக்கிறோம், ஏனெனில் லயத்தில் யார் கர்ப்பிணி என்று வைத்தியசாலையைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். அறிவுறுத்தல் தாளையும் லயத்துக்கேற்றபடி வேறாக எழுதினோம். அதில் தனி அறை என்ற சொல் இல்லை. பிள்ளைகளை எங்கே அனுப்புவது, எந்தச் சுவரோரம் படுப்பது, யார் சோறு ஊட்டுவது என்பவை இருக்கின்றன.

தீராதது ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அம்மாயி வீடு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பிள்ளைகளை அனுப்ப உறவு இல்லாதவர்களுக்கு, வைத்தியசாலைக்கு அருகே சில நாள் தங்குவதற்குத் தனி இடம் வேண்டும். அதுவரை அவர்களுக்கு வார்டுக் கட்டிலை நீட்டிப்பதைத் தவிர எங்களிடம் வேறு வழியில்லை. ஒருவருக்கு நீட்டிக்கும் ஒவ்வோர் இரவும், தைரொக்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் இன்னொருவரின் இரவாக இருக்கிறது.